அங்கே இல்லாதவர் கட்சி

அக்காவிடம் நல்ல பெயர் எடுக்க ஒரே வழிதான் இருந்தது. அவர் பேசுகிற இடத்தில் நாம் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் அவர் வீடு. கணவர் சரக்கு வண்டியில் கார்டு. கல்யாணம் ஆகாத குமாஸ்தாக்கள் ஆறு பேர் இரண்டு வேளையும் அங்கே சாப்பிட்டோம். மெஸ் என்று நாங்களாக வைத்துக்கொண்ட பெயர். பலகை எதுவும் கிடையாது. பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். நான் குட்ஸ் ஷெட்டில் மூட்டைகளுக்கு ரசீது எழுதுகிறவன். அதோடு என்னைக் கவி என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்க வேறு ஆள் இல்லாததால் அந்த வேலையையும் நானே பார்த்துக்கொண்டேன்.

அந்த மேசையில் யாராவது இன்னொருவரைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினால் அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும். குறை சொல்லப்பட்டவர் யார், எவர் என்று அவர் கேட்க மாட்டார். அந்த ஆள் இங்கே இருக்கிறாரா என்பது ஒன்றுதான் கேள்வி. இல்லை என்றால் அவருக்கு வக்கீல் அக்கா. வக்கீலுக்குச் சட்டமும் தெரியாது, வழக்கும் தெரியாது. அதனால் காரணங்களைச் சொந்தமாகத் தயார் செய்வார். பெரும்பாலும் ஒரே காரணம்தான். "வயித்து வலியா இருந்திருக்கும்" என்பார். ஸ்டேஷன் மாஸ்டர் எரிந்து விழுந்தார் என்றால் வயிற்று வலி. வண்ணான் சட்டையைத் தொலைத்துவிட்டான் என்றால் வயிற்று வலி. எங்களில் ஒருவனின் லீவுக் கடிதத்தைத் தலைமைக் குமாஸ்தா கிழித்துப் போட்டார் என்றபோதும் அதே வலிதான். அந்த நாளில் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடமாடியதாக அக்காவின் கணக்கு.

ஆள் நேரில் வந்துவிட்டால் கதையே வேறு. பாசார் சந்தையில் கீரை விற்கும் சீனரை அவர் மலாயில் "மஹால், மஹால்", விலை அதிகம் என்று வறுத்தெடுப்பதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு அம்மாள் அந்தச் சீனர் நிறுவையில் ஏமாற்றுகிறார் என்றால், பாவம் அந்த மனிதர் விடியுமுன் காஜாங்கிலிருந்து தோளில் காண்டாக் கம்பும் கூடையுமாகத் தூக்கி வருகிறார், கை நடுங்காதா என்று இவர் சண்டைக்குப் போவார். புருஷனுக்கும் இதே நியாயம்தான். வாரத்தில் நாலு நாள் வண்டியிலேயே கழிந்த புண்ணியத்தால் கார்டு அண்ணன் வாரத்தில் நாலு நாள் உத்தமராக இருந்தார். மிச்ச மூன்று நாள் அவர் நிலைமை சொல்லும்படி இல்லை.

ஒரு தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, கடைசியில் பத்துமலைப் பக்கமே வராமல் போனவர் ஒருவர் இருந்தார். படியேறும்போது அத்தனை பேரும் அவரைச் சொல்லிச் சிரித்தோம். அக்கா மட்டும் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே அவருக்காக வாதாடினார். முருகனுக்கும் அவருக்கும் நடுவில் ஆயிரம் இருக்கும், நமக்கென்ன என்றார். மறுநாள் அந்த மனிதர் நன்றி சொல்ல வந்தார். அக்கா அவரை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, வாங்கு வாங்கென்று வாங்கியதில் அவர் வாசல் வழியாகப் போகாமல் கோழிக்கூட்டுப் பக்கமாகப் போய்விட்டார்.

எனக்கு இது அந்த வயதில் பெரிய தொல்லையாகத்தான் தோன்றியது. ஆறு ஆண்பிள்ளைகள் வம்பு பேசாமல் சோறு எப்படி இறங்கும்?

அப்போதுதான் தமிழ்நாட்டிலிருந்து அந்த நாடகக் கம்பெனி வந்து இறங்கியது. ராஜபார்ட் நடிகரும் அவருக்கு ஜோடியாகப் பாடும் நடிகையும் கப்பலில் வருவதற்கு முன்பே அவர்கள் படம் போட்ட நோட்டீசுகள் வந்துவிட்டன. மேடையில் மட்டுமல்ல, வெளியிலும் அவர்கள் ஜோடிதான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதால்தான் பாதிக் கூட்டம். நாடகத்தின் நடுவில் தர்க்கப் பாட்டு என்று ஒன்று வரும். அவர் பாட்டிலேயே ஒரு கேள்வி கேட்பார், அவள் அந்தக் கணத்தில் கட்டிப் பாட்டிலேயே பதில் சொல்வாள். இரண்டு பேரும் கொஞ்சுகிறார்களா சண்டை போடுகிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் எங்களுக்கு ஆனந்தம்.

கோலாலம்பூரில் மூன்றாம் நாள் அவர் ஒரு கேள்வி கேட்டார். கம்பெனிக்கு வரும்போது மாற்றிக் கட்ட ஒரு சேலை இருந்ததா உனக்கு என்று ராகம் போட்டுப் பாடினார். கொட்டகை சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் பதில் பாடவில்லை. ஆர்மோனியக்காரர் மூன்று முறை மெட்டை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். அவள் கழுத்தில் கிடந்த நாடக மாலையைக் கழற்றி ஆர்மோனியப் பெட்டியின் மேல் வைத்தாள். "இனி ஒங்களோட பாட மாட்டேன்" என்று வெறும் பேச்சாகச் சொன்னாள். மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள். நாடகம் பாதியில் நின்றது.

ராஜபார்ட் பாதிக் கம்பெனியைக் கூட்டிக்கொண்டு பினாங்குக்கு ரயிலேறினார். மிச்சப் பேரை வைத்துக்கொண்டு அவள் தனியாக நாடகம் போடுவதாகச் செய்தி வந்தது. ஊரே அவர் பக்கம். அவ்வளவு பெரிய மனிதரைச் சபையில் அவமானப்படுத்தினாளே என்று கள்ளுக்கடையில் பேசினார்கள், கோவிலில் பேசினார்கள். எனக்கோ கை துறுதுறுத்தது. மறுநாள் குட்ஸ் ஷெட்டில் உட்கார்ந்து, பழைய ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் ஒரு பாட்டு எழுதினேன்.

ஆடின மயிலே, அரங்கை விட்டு ஓடின மயிலே – உன்
ஜோடி இங்கே நிற்கையிலே எவரைத் தேடின மயிலே?

இது பல்லவி. இரண்டாவது சரணத்தில்தான் விஷம் வைத்திருந்தேன்.

பட்டும் அவன் தந்தது, பாட்டும் அவன் தந்தது,
விட்டுவிட்டுப் போன கால்கள் யார் தந்தது?

பக்கத்துத் தெரு அச்சகத்தில் கொடுத்தேன். நாலு பக்கப் பாட்டுப் புத்தகமாகப் போட்டார்கள். பெயர் போட எனக்குத் துணிச்சல் இல்லை. 'இயற்றியவர்: ஓர் உண்மை ரசிகன்' என்று போடச் சொன்னேன்.

ஒரு வாரத்தில் பாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. இடியாப்பம் விற்கிறவர் பாடினார், எஞ்சினுக்குக் கரி போடுகிறவர் பாடினார், செந்தூல் ரயில் பட்டறையில் சுத்தியலுக்குத் தாளமாகப் பாடினார்கள். தெரியாத ஒரு மனிதர் சைக்கிளில் என் வரிகளைப் பாடிக்கொண்டு போனதைக் கேட்டு, நான் அவர் பின்னாலேயே ஸ்காட் ரோடு முனை வரை ஓடியிருக்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை. என்னுடையது என்று யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

சொல்ல முடியாததற்குக் காரணம் அக்கா. அவர் அந்த நடிகையைப் பார்த்ததே இல்லை. நாடகக் கொட்டகைக்குள்ளேயே கால் வைத்தவர் இல்லை. ஆனால் பாட்டைக் கேட்ட முதல் நாளே யுத்தம் தொடங்கிவிட்டார். தெருவில் யாராவது 'ஆடின மயிலே' என்று எடுத்தால், ஜன்னலைத் திறந்து, பாடுகிற ஆளின் வீட்டுச் சங்கதியைத் தெருவுக்குக் கேட்கும்படி விசாரிப்பார். இடியாப்பக்காரர் எங்கள் வரிசைக்குள் நுழையும்போது மட்டும் வேறு பாட்டுக்கு மாறிக்கொண்டார். மேசையில் ஒரு நாள் தந்தி ஆபீஸ் குமாஸ்தா வாய்க்குள் முணுமுணுத்ததற்கு அவருக்கு அன்று ரசம் இல்லை.

"அந்தப் பொண்ணு இங்க இல்ல" என்றார் அக்கா. "மேடையில நிக்கிறப்போ வயித்து வலி வந்தா எப்படிய்யா சொல்லுவா? அதான் எறங்கிப் போயிட்டா."

நான் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

இதற்கிடையில் செய்திகள் வந்தன. காஜாங்கில் அவள் மேடையேறியதும் கூட்டம் பாட்டைப் பாடி அவளை வாய் திறக்க விடவில்லையாம். சிரம்பானிலும் அதேதானாம். ஆட்கள் பாதி பேர் ஊருக்குத் திரும்பக் கப்பல் விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம். இதைக் கேட்டபோது எழுதியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஆனாலும் பாட்டு சிரம்பான் வரை போய்விட்டதே என்று ஒரு மூலையில் பெருமையாகவும் இருந்தது. பொய் சொல்வானேன்.

நான் மாட்டிக்கொண்டது அச்சகத்துச் சிக்கனத்தால். தந்தி குமாஸ்தாவின் தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்க அதே அச்சகத்தில் கொடுத்திருந்தார். அவர்கள் பத்திரிகைக் கட்டைச் சுற்றிக் கொடுத்தது என் ரசீதுத் தாளில். ஒரு பக்கம் கிள்ளானுக்குப் போன உப்பு மூட்டைகள், மறுபக்கம் ஆடின மயில், இரண்டும் என் கையெழுத்தில். அந்த மேசையில் எல்லோருக்கும் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவன் நான்தான். கையெழுத்து தெரியாமல் இருக்குமா?

அன்று நான் வேலை முடிந்து பின்வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே தந்தி குமாஸ்தா தாளை உரக்கப் படித்து முடித்திருந்தார். "இந்த மேசையிலயே ஒக்காந்து ஒங்க ரசத்தக் குடிச்சிட்டு, வெளிய போயி இத எழுதியிருக்கான்க்கா" என்றார். மற்ற நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். கோழை என்றான் ஒருவன். பேர் போடக்கூட வக்கில்லாதவன் என்றான் இன்னொருவன். நான் குழாயை மூடிவிட்டு ஈரக்காலோடு அப்படியே நின்றேன். அக்காவின் கரண்டிச் சத்தம் நின்றது.

"அந்தத் தம்பி இங்க இல்ல" என்றார் கடைசியில். குரல் மெதுவாக வந்தது. "அது மனசுல கெட்டது கெடையாது. கையில எழுத்து இருக்கு, எழுத விஷயம் கெடைக்கல. அதான் இத எழுதிருச்சு. நீங்கள்லாம் பாடாம இருந்தீங்களா? ஒக்காந்து சாப்பிடுங்க."

வயிற்று வலி என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் எழுத்தைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு சரியாக ஒருவரும் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தையும் ஒரு முறை கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா என்னை உட்காரச் சொன்னார். இலையைப் போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றி, நான் முதல் கவளத்தைப் பிசையும் வரை பொறுத்திருந்தார். பிறகு தொடங்கினார். அதை முழுதாக எழுத அச்சில் இடம் கிடைக்காது. கடைசியில், "இத அந்தப் பொண்ணுக்கு எதுக்க நின்னு பாடுவியாடா?" என்று கேட்டார். முடியாது என்று தலையாட்டினேன்.

"அப்ப எதுக்கு எழுதுன? ஞாயித்துக்கெழம கிள்ளான்ல அவ நாடகம். என்கூட வா. அவ மொகத்தப் பாத்துப் பாடு. வரலன்னா இந்த மேச ஒனக்குக் கெடையாது."

ரப்பர் தோட்டத்து ஆட்கள் மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பேர் கொடுக்க நிற்க வேண்டும் என்பதால் கிள்ளானில் ஞாயிறு நாடகம் மத்தியானமே தொடங்கிவிடும். நாங்கள் காலை வண்டியில் போனோம். அக்கா கட்டுச்சோறு கொண்டு வந்திருந்தார். வழியெல்லாம் என்னைத் திட்டவில்லை. பத்து தீகா ஸ்டேஷன் தாண்டும்போது, அந்தப் பெண் சாப்பிட்டிருப்பாளோ என்னவோ என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் நிஜமாகவே வயிறு வலித்தது.

தகரக் கொட்டகைக்குப் பின்னால் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நோட்டீஸ் படத்தில் இருந்ததைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாள். ஆர்மோனியக்காரர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா என்னை முன்னால் தள்ளி, பாட்டை எழுதினது இவன்தான், உங்கள் முன்னால் பாடட்டும் என்று கூட்டி வந்தேன் என்றார். ஆர்மோனியக்காரர் எழுந்த வேகத்தைப் பார்த்து நான் பின்வாங்கினேன். அவள் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள்.

"இன்னைக்கும் பாட விடலன்னா நாளைக்கு இவங்க எல்லாரும் கப்பல் ஏறிருவாங்க" என்றாள் என்னிடம். கோபமே இல்லாமல் சொன்னாள். "சரி, பாடுங்க. நான் முழுசாக் கேட்டதில்ல. கூச்சல்லதான் கேட்டிருக்கேன்."

பாடினேன். பல்லவி எப்படியோ வந்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் 'பட்டும் அவன் தந்தது' என்றதும் அவள் கட்டியிருந்த வெளிறிய பருத்திச் சேலை கண்ணில் பட்டது. பாட்டை அங்கேயே நிறுத்திவிட்டேன். அக்கா முதுகில் குத்தினார். மிச்ச வரியைச் சொல்லி முடித்துவிட்டு மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தக் கடைசி வரியை உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

விஷயம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவள் இப்போது அக்காவின் எதிரே அல்லவா இருக்கிறாள்.

"ஒன் மேலயும் தப்பு இருக்கும்மா" என்று ஆரம்பித்தார் அக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மாதம் இந்தப் பெண்ணுக்காகத் தெருவையே பகைத்துக்கொண்டவர். "அவன் பேசுனதுக்கு மாலையக் கழட்டுன, சரி. ஜனம் என்ன பண்ணுச்சு? சீட்டு வாங்கிட்டு ஒக்காந்திருக்கு. பாதியில போவாங்களா? அவன் கேட்டதுக்கு அங்கயே நின்னு ஒரு பதிலப் பாடிட்டு எறங்கியிருக்கணும். ஒனக்கா வாய் இல்ல?"

அவள் துவட்டுவதை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்காமல் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ரெண்டு மாசத்துல என் மூஞ்சிக்கு நேரா பேசுன ஆளு நீங்க ஒருத்தர்தாங்க்கா" என்றாள். அக்கா கட்டுச்சோற்றைப் பிரித்து அவளுக்கு முதலில் வைத்தார்.

மத்தியானம் கொட்டகை நிறைந்தது. கயிறு கட்டி ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர், கலாட்டா பண்ண வந்தவர்கள் எத்தனை பேர் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அக்கா பெண்கள் பக்கம் முன்வரிசையில், தோட்டத்துப் பெண்களுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பார்க்கும் முதல் நாடகம். திரை விலகியதும் என் பின்னாலிருந்து ஒருவன் எடுத்தான். 'ஆடின மயிலே.' நாலு மூலையிலிருந்தும் சேர்ந்துகொண்டார்கள். விசில் பறந்தது. நான் எழுதிய வரி ஒவ்வொன்றும் திரும்பி என் காதிலேயே விழுந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவள் கையை உயர்த்தினாள். ஆர்மோனியக்காரருக்குச் சுருதி காட்டினாள். பிறகு அந்தப் பாட்டை அவளே பாடினாள்.

முதல் வரியிலேயே கூட்டம் தடுமாறியது. அவர்கள் கத்தியது, அவள் பாடியது. அந்த வித்தியாசம் கொட்டகைக்கே கேட்டது. பல்லவியை மூன்று விதமாகச் சுற்றி வந்து, முதல் சரணத்தைப் பாடி முடித்தபோது விசில் அடித்தவனே வாயை மூடிக்கொண்டிருந்தான். இரண்டாவது சரணத்துக்கு வந்தாள். பட்டும் அவன் தந்தது, பாட்டும் அவன் தந்தது. நிதானமாகப் பாடினாள், ஆமாம் என்று ஒப்புக்கொள்வதைப் போல. 'விட்டுவிட்டுப் போன கால்கள்' என்று வந்து நின்றாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். சலங்கையோடு ஒரு முறை தட்டினாள். 'யார் தந்தது?' என்று எங்களைக் கேட்டாள்.

குத்துவதற்காக நான் எழுதிய வரி அது. அவளிடமிருந்து கேட்டபோது, அவள் கையில் மிச்சமிருந்த ஒரே சொத்தை எண்ணிக் காட்டுவதைப் போல இருந்தது. நான் அப்படி எழுதவில்லை. அப்படி எழுதத் தெரிந்தவனும் இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கட்டைக் குரல் வந்தது. நாடகத்தில் பாட்டுப் பிடித்தால் 'ஒன்ஸ்மோர்' என்று கேட்க வேண்டும் என்பதுகூடத் தெரியாத குரல். "இன்னொரு தடவ பாடும்மா!"

அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். தினமும் விடிந்ததிலிருந்து பால் வெட்ட மரத்துக்கு மரம் நடக்கிற அந்தத் தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அந்தப் பக்கம் முழுக்கக் கேட்டது. பிறகு கயிற்றுக்கு இந்தப் பக்கமும் கேட்டது. அவள் நாலு தடவை பாடினாள். நாடகம் முழுதாக நடந்தது. மறுநாள் கப்பலுக்கு யாரும் போகவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்து வண்டியில் திரும்பினோம். மூன்றாம் வகுப்பில் நிற்க இடமில்லை. வண்டி முழுக்க அதே பாட்டுத்தான். அக்கா ஜன்னலை மூடவில்லை, யார் வீட்டுச் சங்கதியையும் விசாரிக்கவில்லை. பாடாங் ஜாவா ஸ்டேஷன் வந்தபோது என்னைப் பார்த்து, "அந்த ரெண்டாவது சரணம் முழுசா எப்படி வரும், சொல்லு" என்றார்.

"நீங்க பாடலாமாக்கா?"

"அவளே பாடிட்டா. இனி ஒனக்கு என்னா, எனக்கு என்னா."

சொல்லிக் கொடுத்தேன். அக்காவுக்குச் சுருதி என்பது அறவே கிடையாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் கிடையாது. பெட்டாலிங் ஸ்டேஷன் வருவதற்குள் என் இரண்டு சரணமும் தீர்ந்துவிட்டன. அவர் நிறுத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, சொந்தமாக மூன்றாவது ஒன்றைக் கட்டினார்.

மூட்டை முடிச்சுக் கணக்கெழுத ஒக்கார வச்சாங்க,
பாட்டுக் கட்டிப் பழிபோட யார் சொன்னாங்க?

எதிரே இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுதினவன் இவன்தான் என்று அக்கா விரலை நீட்டிக் காட்டினார். பெட்டி முழுக்கச் சிரித்தது. அடுத்த முறை அந்த வரியை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். நானும் பாடினேன்.